லிப்ட் ஓடாத பிளாட்டுக்கு முதல் பரிசு

நவமணி குடியிருப்பாளர் சங்கத்தின் செயலாளர் ஆனதற்கு ஒரே காரணம், அவர் தப்பான நேரத்தில் கழிப்பறைக்குப் போனதுதான். ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் செயலாளர் பதவிக்கு யார் வருகிறீர்கள் என்று கேட்டபோது கூடத்தில் இருந்த முப்பத்தொரு பேரும் தரையைப் பார்த்தார்கள். அங்கே இல்லாத ஒரே ஆள் நவமணி. அவர் முகம் துடைத்துக்கொண்டே திரும்பி வந்தபோது எல்லோரும் கைதட்டினார்கள். எதற்கென்று தெரியாமல் அவரும் சேர்ந்து தட்டினார்.

அவருக்கு வயது ஐம்பத்து மூன்று. பாயான் பாரு பக்கம் உள்ள மின்னணுத் தொழிற்சாலை ஒன்றில் இருபத்தாறு வருடமாகத் தரப் பரிசோதனை வேலை. அரிசி மணியை விடச் சின்னதான சில்லுகளைப் பூதக்கண்ணாடியில் வைத்து, எது சரி, எது கோளாறு என்று பிரிக்க வேண்டும். அந்த வேலை பார்த்துப் பார்த்து, வீட்டிலும் அவர் கண்ணுக்கு முதலில் கோளாறுதான் படும் என்பது கணவர் அய்யாக்கண்ணுவின் குறை.

குடியிருப்பது ஜெலுத்தோங்கில், பதினேழு மாடி பிளாட்டில். பத்திரத்தில் அதற்கு ஓர் அழகான மலர்ப் பெயர் உண்டு. ஊரார் ‘மஞ்ச பிளாட்’ என்பார்கள். மஞ்சள் பெயிண்ட் உரிந்துபோய்ப் பல வருடமாகிறது. இப்போது அது என்ன நிறம் என்று சொல்ல யாருக்கும் துணிவில்லை. நவமணியின் வீடு 13A மாடியில். சீனர் வழக்கப்படி பதினான்கு என்ற எண் ஆகாது என்று கட்டியவர்கள் அப்படிப் பெயர் மாற்றி வைத்துவிட்டார்கள். ஏறுகிற காலுக்கு அந்த நாசூக்கெல்லாம் தெரியாது. மொத்தம் இருநூற்று இருபத்து நான்கு படி.

பிளாட்டில் இரண்டு லிப்ட். ஒன்று நான்கு வருடத்துக்கு முன்பே நின்றுவிட்டது. அதைப் பழுது பார்க்காமல், அதன் பாகங்களைக் கழற்றிக் கழற்றி மற்றதில் மாட்டி ஓட்டினார்கள். கழற்ற எதுவும் மிஞ்சாத நாளில் இரண்டாவதும் நின்றது. அன்று தைப்பூசத்துக்கு மறுநாள். தண்ணீர்மலை முருகனைப் பார்க்க ஐந்நூற்றுச் சொச்சம் படி ஏறி இறங்கி, பாதம் எரிய வீடு வந்தவர்கள், லிப்ட் கதவில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்துவிட்டு மறுபடி படியேறினார்கள். சில பக்தர்கள் அன்று முருகனிடம் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது.

செயலாளர் என்பதால் புகார் எழுதும் வேலை நவமணிக்கு. குறைந்த விலை வீடுகளுக்கான பராமரிப்புப் பிரிவு உள்ளாட்சி அலுவலகத்தின் ஆறாம் மாடியில் இருந்தது. எந்த அலுவலகம் என்று யாரும் தேடிப் போக வேண்டாம். இந்தக் கதைக்காகவே கட்டப்பட்ட பன்னிரண்டு மாடி அலுவலகம் அது. நவமணி கடிதம் எழுதினார், தொலைபேசியில் பேசினார், நேரில் போனார். ஒவ்வொரு முறையும் மரியாதையாக ஒரு குறிப்பு எண் கொடுத்தார்கள். எட்டு மாதத்தில் அவரிடம் பதினோரு குறிப்பு எண்கள் சேர்ந்தன. சம்பந்தப்பட்ட உதிரி பாகத்தை உலகத்தில் எங்குமே இப்போது தயாரிப்பதில்லை என்றும், ஆனாலும் விஷயம் பரிசீலனையில் இருக்கிறது என்றும் பதில் வந்தது.

இதில் அதிகம் அடிபட்டவர் அய்யாக்கண்ணு. முப்பது வருடம் லாரி ஓட்டிய மனிதர். சர்க்கரை நோயில் இடது காலில் இரண்டு விரல்களை எடுத்தாகிவிட்டது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கிளினிக்குக்குப் போய்ப் புண்ணைச் சுத்தம் செய்து கட்டுப் போட வேண்டும். முதல் மூன்று தடவை பக்கத்து வீட்டுக்காரர்கள் நான்கு பேர் அவரை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்கி இறக்கினார்கள். மூன்றாவது தடவை, ஏழாம் மாடி வளைவில் ஒருவர் கால் வழுக்கி, நாற்காலி சாய்ந்து, நல்ல வேளையாகச் சுவரில் முட்டி நின்றது. அதற்குப் பிறகு அவர் வரமாட்டேன் என்றுவிட்டார்.

“உசுரோட இருக்கறப்பவே நாலு பேரு தூக்கறது நல்லா இல்ல லா. நீயே கட்டிவிடு” என்றார்.

நவமணி தாதியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, வேலை முடிந்து வந்ததும் தானே கட்டிவிட்டார். அய்யாக்கண்ணு அதன்பின் தரையை மிதிக்கவில்லை. தாழ்வாரத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, கீழே போகிற லாரிகளைப் பார்த்து இது என்ன மாடல், எவ்வளவு பாரம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். கேட்க ஆள் இருக்கிறதா என்று அவர் பார்க்கவில்லை.

லிப்ட் நின்ற பிளாட்டில் வாழ்க்கை எப்படி மாறும் என்று வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. கேஸ் சிலிண்டர் தோம்பைச் சுமந்து வருகிறவர் ஐந்தாம் மாடிக்கு மேல் வரமாட்டார். எனவே மேல் வீடுகளில் அடுப்பு ஒரு வேளைதான் எரிந்தது. வாஷிங் மெஷின் கெட்டால் புதியது வராது; கையால் துவைத்தார்கள். ஏர்கான் மாட்டுகிறவர்கள் கீழேயிருந்து நிமிர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். குப்பையைச் சுமந்து இறக்க வேண்டியிருந்ததால் குப்பையே குறைந்தது. தாழ்வார விளக்குகள் அணைந்தன. மாற்றுகிறவர் ஏறி வரவில்லை. எட்டாம் மாடிக்கு மேல் இருந்தவர்களில் இருபத்திரண்டு குடும்பங்கள், வயதானவர்களையும் கைக்குழந்தைகளையும் வைத்துக்கொண்டு முடியாது என்று, தாசேக் கெலுகோரிலும் வேறு இடங்களிலும் இருந்த சொந்தக்காரர் வீடுகளுக்குப் போய்விட்டன. ஐந்தாம் மாடி ஆசியா பீவி மட்டும் சோர்ந்துபோகவில்லை. காலையில் தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக் பொட்டலங்களை வாளியில் வைத்துக் கயிற்றில் கீழே இறக்கி விற்றார்.

அக்டோபர் மாதம் நவமணிக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது.

“நவமணி ஆன்ட்டிங்களா? நான் ஸ்ரீகரன், பசுமை நகரப் பிரிவுலேருந்து பேசறேன். கங்கிராட்ஸ்!”

“லிப்ட்டு வருதா தம்பி?”

“இல்ல ஆன்ட்டி. அவார்டு வருது. குறைந்த கார்பன் சமூகப் போட்டியில உங்க பிளாட்டு ஃபைனலுக்கு வந்திருக்கு.”

“நாங்க எந்தப் போட்டியிலயும் சேரலயே.”

“நாங்களே சேத்துட்டோம். கரண்டு பில், குப்பை, தண்ணி, எல்லா டேட்டாவும் எடுத்தோம். ஒரே வருசத்துல உங்க கரண்டு முப்பத்தெட்டு பர்சன்ட் குறைஞ்சிருக்கு. குப்பை பாதி. தீவுலயே யாரும் இப்படிச் செய்யல ஆன்ட்டி. எப்படி இந்த மாற்றத்தைக் கொண்டு வந்தீங்க?”

“லிப்ட்டு கெட்டுப் போச்சு தம்பி.”

மறுமுனையில் எழுதும் சத்தம் கேட்டது. “சூப்பர். அதாவது, லிப்ட் இல்லாத வாழ்க்கைமுறை.”

“லிப்ட்ட எப்ப செய்வீங்க?”

“அது வேற டிபார்ட்மென்ட் ஆன்ட்டி. அவங்க ஆறாவது மாடி. நாங்க ஒன்பதாவது.”

“நீங்க ஒன்பதாவது மாடிக்கு எப்படிப் போறீங்க?”

“லிப்ட்லதான்” என்றார் ஸ்ரீகரன்.

ஸ்ரீகரன் கெட்டவர் இல்லை. அதைச் சொல்லிவிட வேண்டும். யாழ்ப்பாண வழி வந்த, நன்றாகப் படித்த குடும்பத்துப் பையன். முப்பது வயதுக்குள் வெளிநாட்டில் காலநிலைத் திட்டமிடலில் முதுகலை முடித்து வந்தவர். கடல் மட்டம் உயர்வதை நினைத்து உண்மையாகவே தூக்கம் கெட்டவர். எதையும் அட்டவணையில் போட்டுப் பார்த்தால் விளங்கிவிடும் என்று நம்பினார், அவ்வளவுதான்.

அடுத்த வாரம் நடுவர்கள் வந்தார்கள். தலைவராக டத்தோ பட்டம் பெற்ற ஒரு பிரமுகர், ஒரு பேராசிரியர், பன்னாட்டு அமைப்பு ஒன்றிலிருந்து ஒரு பெண்மணி, கூடவே ஸ்ரீகரனும் ஒரு புகைப்படக்காரரும். பிளாட்டின் மேல்பகுதியைப் பார்வையிட வேண்டும் என்றார்கள். நவமணி படிக்கட்டைக் காட்டினார். டத்தோ அதை மேலும் கீழும் பார்த்துவிட்டு, அடித்தளத்தையும் நுணுக்கமாக ஆராய வேண்டியிருப்பதால் தாம் கீழேயே இருப்பதாகச் சொல்லி நாற்காலி கேட்டார்.

ஐந்தாம் மாடியில் ஆசியா பீவியின் கயிற்றைப் பார்த்துப் பேராசிரியர் நின்றார். நிற்க ஒரு காரணம் கிடைத்ததில் அவருக்கு மகிழ்ச்சி.

“இதுக்கு என்ன பேரு?” என்று மூச்சு வாங்கக் கேட்டார்.

“வாளி” என்றார் ஆசியா பீவி.

பேராசிரியர் தன் குறிப்பேட்டில், ‘எந்திரமற்ற செங்குத்துச் சரக்குப் போக்குவரத்து’ என்று எழுதிக்கொண்டார். புகைப்படக்காரர் வாளியைப் பல கோணங்களில் படம் எடுத்தார். ஆசியா பீவி முந்தானையைச் சரிசெய்துகொண்டு நின்றார். அவரை யாரும் எடுக்கவில்லை.

பெண்மணி ஒன்பதாம் மாடி வரை வந்தார். அங்கிருந்து கடல் நன்றாகத் தெரிகிறது, இது போதும் என்றார். 13A வரை வந்து சேர்ந்தது ஸ்ரீகரன் மட்டும்தான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. நவமணி தண்ணீர் கொடுத்தார். அய்யாக்கண்ணு ஸ்டூலில் உட்கார்ந்தபடி அவரைக் கீழிருந்து மேல்வரை பார்த்தார்.

“நீங்கதான் கார்பன் கணக்குப் பாக்கற தம்பியா?”

“ஆமா அங்கிள்.”

“அப்படின்னா என்னையும் எழுதிக்குங்க. ஏழு மாசமா நான் எந்த வண்டியிலயும் ஏறல. எண்ண செலவு இல்ல, டயர் செலவு இல்ல, ரோட்டுலயே காலு வைக்கல. இந்த பிளாட்டுல சுத்தமான சீரோ நான் ஒருத்தன்தான்.”

ஸ்ரீகரன் சிரிக்கப் பார்த்தார். கட்டுப்போட்ட காலைப் பார்த்ததும் சிரிப்பு வரவில்லை. “கிளினிக்குக்கு எப்படிப் போறீங்க?” என்றார்.

“போறதில்லன்னுதானே சொன்னேன்.”

ஸ்ரீகரன் இறங்கும்போது நவமணியிடம், லிப்ட் விஷயத்தை ஆறாம் மாடியில் தானே பேசுவதாகச் சொன்னார். பேசவும் செய்தார். ஆறாம் மாடியில் அவருக்கும் ஒரு குறிப்பு எண் கொடுத்தார்கள்.

மஞ்ச பிளாட்டுக்கு முதல் பரிசு கிடைத்தது. விழா கடலோர ஹோட்டல் ஒன்றில். பூமி சூடாவதைப் பற்றிப் பேசும் விழா என்பதால் அரங்கம் அவ்வளவு குளிராக இருந்தது. நவமணி சேலை முந்தானையால் காது வரை போர்த்திக்கொண்டார். விழா மூன்றாம் மாடியில்தான். ஆனால் அந்தக் கண்ணாடி லிப்டில் ஏறியவருக்கு மூன்றில் இறங்க மனம் வரவில்லை. இருபத்தோராம் மாடி வரை போய், கீழே வந்து, மறுபடி மேலே போனார். இரண்டாவது தடவை லிப்டில் நின்ற ஹோட்டல் ஊழியர், “எந்த மாடிங்க அக்கா?” என்று கேட்டார். “எல்லாம்தான்” என்றார் நவமணி.

மேடையில் வாசிக்க ஒரு தாளைக் கொடுத்திருந்தார்கள். ‘எங்கள் சமூகம் மனமுவந்து மேற்கொண்ட மாற்றம்’ என்று தொடங்கியது அது. லிப்ட் என்ற சொல் எங்கும் இல்லை. விழாவில் எதிர்மறையாக எதுவும் வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். நல்லபடியாகப் பேசினால் பெரியவர்கள் மனது வைத்து லிப்டைச் செய்துவிடுவார்கள் என்று நினைத்து நவமணி வாசித்தார். ‘மனமுவந்து’ என்ற இடத்தில் மட்டும் நாக்கு ஒருமுறை புரண்டது. கைதட்டினார்கள். இலை வடிவத்தில் ஒரு கண்ணாடிக் கேடயம் கொடுத்தார்கள். மொட்டை மாடியில் தோட்டம் போட எண்பது கிலோ எடையுள்ள சாமான்களும் பரிசு. அதைக் கொண்டு வந்த ஆட்கள் லிப்ட் இல்லை என்றதும் படிக்கட்டுக்கு அடியில் இறக்கிவிட்டுப் போனார்கள். அங்கே பூனைகள் குட்டி போட்டன.

வீட்டுக்கு வந்தபோது அய்யாக்கண்ணு கேடயத்தைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

“என்னா பேசுன?”

“எழுதிக் குடுத்தத வாசிச்சேன்.”

“லிப்ட்டு?”

நவமணி கேடயத்தை வாங்கி அலமாரியில் வைத்தார். அன்று முழுவதும் அவருக்கு முகம் கொடுத்துப் பேச வரவில்லை. தொழிற்சாலையில் இருபத்தாறு வருடத்தில் ஒரு கோளாறான சில்லைக்கூடச் சரி என்று எழுதி அனுப்பியதில்லை. இன்று மேடையேறி, முந்நூறு பேருக்கு முன்னால், மைக்கில் அனுப்பியிருந்தார்.

பரிசின் தொடர்ச்சியாகப் படிக்கட்டை அழகுபடுத்த ஆட்கள் வந்தார்கள். ஒவ்வொரு மாடியிலும் பச்சைப் பெயிண்டில் மூன்று மொழிகளில் எழுதினார்கள். ஐந்தாம் மாடியில், ‘பாராட்டுகள்! நீங்கள் நூறு கிராம் கார்பனைச் சேமித்துவிட்டீர்கள்.’ பத்தாம் மாடியில், ‘அருமை! உங்கள் இதயம் உங்களுக்கு நன்றி சொல்கிறது.’ தமிழில் மட்டும் எழுத்துகள் தனித்தனியாகப் பிரிந்து, கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமுமாக நின்றன. அவையும் படியேறி வந்திருக்க வேண்டும். படிக்கட்டுக்குப் பெயிண்ட் அடிக்க ஆள் பதினேழாம் மாடி வரை ஏறினார். லிப்ட் பார்க்கத்தான் யாரும் வரவில்லை.

மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஜெலுத்தோங் பாசாரில் நவமணி எப்போதும் வாங்குகிற காய்கறிக் கடைக்குப் போனார். கடைக்காரர் காமாரியா வேறொரு பிளாட்டில் பன்னிரண்டாம் மாடியில் குடியிருக்கிறவர். நவமணி எடுத்து வைத்த பயற்றங்காய்க் கட்டை அவர் திரும்ப எடுத்துக் கூடையில் போட்டார்.

“உனக்கு வியாபாரம் இல்ல.”

“ஏன் காமாரியா, என்னா ஆச்சு?”

“என்னா ஆச்சா? நீ மேடையில ஏறி லிப்ட்டு இல்லாம ஜாலியா இருக்கோம்னு பேசிட்ட. இப்ப எங்க பிளாட்டுலயும் ரெண்டுல ஒன்ன நிறுத்தப் போறாங்களாம். பேப்பர்ல போட்டிருக்கான். எங்க அம்மாவ நீ வந்து தூக்கு.”

அவர் கையிலிருந்த நாளிதழை நவமணி வாங்கிப் பார்த்தார். உள்ளாட்சி அலுவலகத்தின் காலநிலைச் செயல் திட்ட வரைவு வெளியாகியிருந்தது. பொதுமக்கள் மூன்று வாரத்துக்குள் கருத்துச் சொல்லலாம். ஆறாம் அத்தியாயத்தின் பெயர் ‘மஞ்ச பிளாட் மாதிரி’. நாற்பது அடுக்குமாடிகளில் லிப்ட் பயன்பாட்டைப் படிப்படியாகக் குறைத்து, குடியிருப்பாளர்களை ஆரோக்கியமான வாழ்க்கைமுறைக்குக் கொண்டுவருவது நோக்கம். பக்கத்தில் ஆசியா பீவியின் வாளி, வண்ணப் படமாக.

நவமணி பயற்றங்காய் இல்லாமல் வீடு திரும்பினார். வேலைக்கு இரண்டு நாள் விடுப்புப் போட்டார். இருநூற்றுப் பன்னிரண்டு பக்க வரைவை பிளாட்டுக்கு எதிரே இருந்த கடையில் அச்செடுத்து, மேசை விளக்கின் கீழ் வைத்து, சில்லுகளைப் பார்க்கிற மாதிரியே ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். திட்டம் தயாரித்தவர்களைத் தவிர அதை முழுவதும் படித்தவர் அவர் ஒருவராகத்தான் இருப்பார். தயாரித்தவர்களும் படித்தார்களா என்பது சந்தேகம். பாதிக்கு மேல் நல்ல விஷயங்கள்தான்: வடிகால், நிழல் மரம், பஸ் நிறுத்தம். ஒரு வரியில்கூட ஆட்கள் இல்லை. ‘பங்குதாரர்கள்’ இருந்தார்கள். நூற்று நாற்பத்தேழாம் பக்கத்துக்கு வந்தபோது அவர் கை நின்றது. பென்சிலால் ஒரு கோடு போட்டார்.

“கெடச்சிருச்சா?” என்றார் அய்யாக்கண்ணு.

“கெடச்சிருச்சு.”

கருத்துக் கேட்புக் கூட்டம் ஒரு சனிக்கிழமை காலையில் மண்டபத்தில் நடந்தது. ஆளுக்கு இரண்டு நிமிடம். முன்வரிசையில் உள்ளாட்சி அலுவலகத்தின் இயக்குநர், அதிகாரிகள், நிருபர்கள். பக்கவாட்டில் ஸ்ரீகரன் மைக்கை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். நவமணி எழுந்தபோது இயக்குநரின் முகம் மலர்ந்தது. நம்ம முதல் பரிசுக்காரர்.

“வணக்கம். திட்டம் ரொம்ப நல்லா இருக்கு” என்று தொடங்கினார் நவமணி. “லிப்ட்டு இல்லாம பதினாலு மாசம் இருந்தவ நான், அதனால சொல்றேன். கரண்டு குறைஞ்சது உண்மை, குப்பை குறைஞ்சது உண்மை. இருவத்திரண்டு குடும்பம் குறைஞ்சதும் உண்மை. ஆறாம் அத்தியாயத்த நான் வேணாம்னு சொல்ல வரல. நூத்தி நாப்பத்தேழாம் பக்கம், மூணாவது வரி. ‘இத்திட்டத்தின் அனைத்து நடவடிக்கைகளையும் இவ்வலுவலகம் முதலில் தானே மேற்கொண்டு முன்மாதிரியாக விளங்கும்.’ உங்க கட்டடம் பன்னெண்டு மாடி. எங்களத விட அஞ்சு மாடி கம்மி. வாரத்துல ஒரு நாளு, புதன்கெழமை, உங்க லிப்ட்ட நிறுத்திக் காட்டுங்க. நாங்களும் உங்களப் பாத்துக் கத்துக்கறோம்.”

மண்டபத்தில் முதலில் ஒருவர் கைதட்டினார். பிறகு எல்லோரும். காமாரியா பின்வரிசையில் எழுந்து நின்று தட்டினார். நிருபர்கள் இயக்குநரின் பக்கம் திரும்பினார்கள். அவர் அலுவலகம் பதினோராம் மாடியில். இத்தனை கேமராவுக்கு முன்னால் ஒரு மனிதர் என்ன சொல்ல முடியும்?

“மிகச் சிறந்த யோசனை” என்றார். “அடுத்த புதனே தொடங்குவோம்.”

முதல் புதன் கொண்டாட்டமாக நடந்தது. எல்லோரும் பச்சை டி-சட்டை போட்டு, படிக்கட்டில் சேர்ந்து படம் எடுத்து, முகநூலில் ஏற்றினார்கள். இரண்டாம் புதன் பதினேழு பேருக்கு மருத்துவ விடுப்பு. இயக்குநருக்குக் கடலுக்கு அக்கரையில் உள்ள பிறை நகரில் அவசரமான வெளிவேலை. மூன்றாம் புதன் மேல்மாடிக் கூட்டங்களை எல்லாம் கார் நிறுத்துமிடத்தில் நடத்தினார்கள். கோப்புகளைச் சுமக்க முடியாமல் எட்டாம் மாடியிலிருந்து கயிற்றில் கட்டி இறக்கப் பார்த்து, ஒரு கட்டு அவிழ்ந்து, வெள்ளத் தடுப்பு மதிப்பீட்டு அறிக்கை வாகனங்களின் மேல் பறந்து விழுந்தது. மொத்த அலுவலகத்திலும் படியேறி மூச்சு வாங்காதவர் ஸ்ரீகரன் ஒருவர்தான். நான்காம் புதன் தலைநகரிலிருந்து முக்கியப் பிரமுகர் ஒருவர் வந்தார். அவருக்காக மட்டும் லிப்ட் ஓடியது. அன்று அவருடன் ஒரே நேரத்தில் மேலே போக வேண்டிய வேலை நாற்பது பேருக்கு வந்துவிட்டது.

ஒவ்வொரு புதன் மாலையும் நவமணி பசுமைப் பிரிவுக்குத் தொலைபேசியில் பேசி, “எப்படிப் போகுது தம்பி? நிருபருங்க கேக்கறாங்க” என்று விசாரித்தார். எந்த நிருபரும் கேட்கவில்லை. இது அவர் வாழ்க்கையில் சொன்ன சில பொய்களில் ஒன்று. அதற்காக அவர் வருந்தியதாகத் தெரியவில்லை.

ஆறாவது வாரத்தில் ஸ்ரீகரன் ஒரு குறிப்பு எழுதி மேலே அனுப்பினார். அதுவரை அந்த அலுவலகத்தில் யார் எழுதியதும் அவ்வளவு வேகமாகக் கையெழுத்தானதில்லை. திருத்திய திட்டத்தில் ஆறாம் அத்தியாயத்தின் பெயர் மாறியிருந்தது. லிப்ட் என்பது இனி ‘குறைந்த கார்பன் செங்குத்துப் பொதுப் போக்குவரத்து’. அது ஓடாவிட்டால் முதியோரும் நோயாளிகளும் வெப்பத்தில் மாட்டிக்கொள்வார்கள், எனவே லிப்டைப் பழுது பார்ப்பது காலநிலைத் தகவமைப்பு. மின்சாரம் சேமிக்கும் மோட்டாருடன் லிப்ட் ஓட்டும் முதல் சோதனைத் திட்டம் மஞ்ச பிளாட்டில். புதன்கிழமை முயற்சி தன் நோக்கத்தை வெற்றிகரமாக நிறைவேற்றியதால் முடித்துக்கொள்ளப்படுகிறது.

உலகத்தில் எங்குமே தயாரிக்காத அந்த உதிரி பாகம், ஒன்பதே நாளில், பிறையில் ஒரு கிடங்கில் கிடைத்தது.

பழுது பார்க்க வந்தவர் காஜா மொய்தீன் என்ற மெக்கானிக். மேலே மோட்டார் அறைக்குப் போக அவரும் படியேறித்தான் ஆக வேண்டும். தினமும் 13A-வில் நின்று, அய்யாக்கண்ணுவின் பக்கத்தில் பத்து நிமிடம் உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டுப் போவார்.

“இது ஒரு வாரத்து வேலைண்ணே” என்றார் ஒரு நாள். “முன்னாடியே கூப்பிட்டிருந்தா முன்னாடியே வந்திருப்பேன். யாரும் கூப்பிடல.”

அய்யாக்கண்ணு நவமணியைப் பார்த்தார். நவமணி அடுப்படிக்குப் போய்விட்டார். பதினோரு குறிப்பு எண்களும் அப்போது அவருக்கு மனப்பாடமாக இருந்தன.

ஜூன் மாதம் திறப்பு விழா. லிப்ட் கதவின் குறுக்கே பச்சை ரிப்பன். இயக்குநர் வெட்டினார், இரண்டாம் மாடி வரை போய்த் திரும்பினார், கைகொடுத்தார், போனார். அன்று பகல் முழுவதும் பிளாட்டே லிப்டில் இருந்தது. ஆசியா பீவி எந்த வேலையும் இல்லாமல் பதினேழாம் மாடிக்குப் போய்க் கடலைப் பார்த்துவிட்டு வந்தார்.

கூட்டம் அடங்கட்டும் என்று அய்யாக்கண்ணு மறுநாள் காலை வரை காத்திருந்தார். குளித்து, சட்டையை இஸ்திரி போடச் சொல்லி மாட்டிக்கொண்டு, ஊன்றுகோலைப் பிடித்து லிப்டுக்குள் போனார். நவமணி பொத்தானை அழுத்தினார். கீழே கதவு திறந்தது. அவர் இறங்கிப் போய் ரொம்ப நேரமாகியும் நவமணி கதவைக் கையால் பிடித்துக்கொண்டே நின்றார். உள்ளே ஏறி நின்றவர்கள், “விடுங்கக்கா, நாங்க மேல போகணும்” என்ற பிறகுதான் விட்டார்.

எதிர்க் கடையில் சீனியில்லாத கோப்பி வாங்கி, சாலையைப் பார்த்து உட்கார்ந்தார் அய்யாக்கண்ணு. ஒரு லாரி போனது. இவ்வளவு பக்கத்தில் லாரியின் சத்தம் கேட்டு ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

“என்னா சூடு நவமணி கீழ! மேல காத்தாவது வரும்” என்றார். நவமணிக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. அப்படியே கிளினிக்குக்கு அழைத்துப் போனார். நவமணி கட்டிய கட்டைப் பிரித்துப் பார்த்த டாக்டர், யார் கட்டியது என்று கேட்டு, புண் நன்றாக ஆறி வருகிறது என்றார்.

அடுத்த அக்டோபரில் போட்டி முடிவு வந்தது. மஞ்ச பிளாட்டுக்கு முப்பத்தொரு பிளாட்டில் முப்பதாம் இடம். ஸ்ரீகரன்தான் தொலைபேசியில் சொன்னார்.

“கரண்டு ஏறிப்போச்சு ஆன்ட்டி. குப்பையும். ரிப்போர்ட்ல காரணம் கேக்கறாங்க. என்ன போடட்டும்?”

“போனவங்கள்ல பதினெட்டு குடும்பம் திரும்பி வந்துட்டாங்க தம்பி. அதப் போடுங்க.”

ஸ்ரீகரன் படிவத்தில் தேடினார். அப்படி ஒரு காரணத்துக்கு அதில் இடம் இல்லை. ‘பிற’ என்ற கட்டத்தில் ஒரு டிக் போட்டு அனுப்பினார்.